பந்து யார் கையில் இருக்க வேண்டும்?

மாவட்டப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம்தான். உங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணியின் பாயிண்ட் கார்ட் கணுக்கால் சுளுக்கி, கட்டுப் போட்டபடி திடலோரம் உட்கார்ந்திருக்கிறார். பயிற்றுநர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு உங்களிடம் வருகிறார். அணியில் அதிகப் புள்ளி எடுப்பவர் நீங்கள்தான். "இனிமே பந்தை நீயே கொண்டு வா. ஆட்டத்தையும் நீயே அமைச்சுடு" என்கிறார்.

சரி என்று தலையாட்டிவிடுவீர்கள். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் சந்தேகம் வரும். இத்தனை நாள் கூடையையே குறி பார்த்த கண் இது. இப்போது நான்கு நண்பர்களையும் பார்க்க வேண்டும். எப்போது வீசுவது, எப்போது கொடுப்பது? நானே வீசிக்கொண்டிருந்தால் சுயநலக்காரன் என்பார்கள். கொடுத்துக்கொண்டே இருந்தால் என் புள்ளிகளை யார் எடுப்பது?

மாணவர்களே, இது உங்கள் ஒருவருடைய குழப்பம் அன்று. உலகின் பெரிய அணிகளின் பயிற்றுநர்களும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உளவியலாளர்களும் இயற்பியலாளர் ஒருவரும்கூட இதை ஆராய்ந்திருக்கிறார்கள். விடை தேடும் வழியில், பினாங்குவாசிகள் எல்லாருக்கும் பழக்கமான ஒரு பாலத்தையும் கடக்கப் போகிறோம்.

இரண்டு வேலைகள்

கூடைப்பந்துத் திடல் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கூடையின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்து கைக்கு வந்ததும் 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 விநாடிக்குள் கூடையை நோக்கி வீச வேண்டும்.

இந்த 24 விநாடியைத் திட்டமிடுபவர் பாயிண்ட் கார்ட். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுவார். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பார். சரியான ஆளிடம் சரியான நேரத்தில் பந்தைச் சேர்ப்பார். அவர் கொடுத்த பந்தை வாங்கியவர் உடனே புள்ளி எடுத்தால், கொடுத்தவர் கணக்கில் ஓர் 'அசிஸ்ட்' ஏறும்.

ஷூட்டிங் கார்டின் வேலை வேறு. அவர் ஓடி, ஒதுங்கி, தனக்கொரு இடைவெளியைத் தேடிக்கொண்டு, பந்து வந்ததும் கூடைக்குள் போட வேண்டும். ஒருவர் சமைப்பவர், மற்றவர் சாப்பிடுபவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சாப்பிடுவதில் கெட்டிக்காரரிடம் கரண்டியைக் கொடுத்தால் பந்தியில் எல்லாருக்கும் சோறு கிடைக்குமா என்பதுதான் நம் கேள்வி.

கொரில்லாவைப் பார்த்தீர்களா?

முதலில் கண்ணைப் பற்றிப் பேசுவோம். 1999-ஆம் ஆண்டு டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது கூடைப்பந்து!

ஒரு காணொளியில் வெள்ளைச் சட்டை அணிந்த மூவரும் கறுப்புச் சட்டை அணிந்த மூவரும் பந்தைத் தமக்குள் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணுவதுதான் பார்ப்பவரின் வேலை. நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் உள்ளே நடந்து வந்து, மார்பில் தட்டிக்கொண்டு, மறுபக்கமாக வெளியேறினார். காணொளி முடிந்ததும், "வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டதா?" என்று கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் கொரில்லாவைப் பார்க்கவே இல்லை.

அவர்கள் கண்ணில் குறை ஏதுமில்லை. ஒரு வேலையில் மனம் முழுதாக இறங்கும்போது, எதிரே நிற்பதும் மூளையில் பதிவாவதில்லை. கண் எதைப் பார்க்கிறது என்பதை நாம் எடுத்துக்கொண்ட வேலைதான் தீர்மானிக்கிறது.

இப்போது உங்களை நினைத்துப் பாருங்கள். 'இதைப் போட்டே ஆக வேண்டும்' என்று கூடையை நோக்கிப் பாய்கிறீர்கள். இடது மூலையில் நண்பர் ஒருவர் கையைத் தூக்கியபடி தனியாக நிற்கிறார். அவர்தான் உங்கள் கொரில்லா. ஆட்டம் முடிந்து, "நான் சும்மாதானே நின்னேன், ஏன் தரலே?" என்று அவர் கேட்கும்போது, "உன்னைப் பார்க்கவே இல்லைடா" என்பீர்கள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பார்த்திருக்க மாட்டீர்கள்.

இதற்கு மருந்து உண்டு. வேலையை மாற்றினால் பார்வையும் மாறும். பயிற்சியின்போது நீங்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுங்கள். திடலின் நான்கு மூலைகளிலும் நண்பர்கள் நின்று விரல்களைக் காட்டட்டும். ஓடிக்கொண்டே அந்த எண்களை உரக்கச் சொல்லுங்கள். முதல் நாள் பந்து காலில் பட்டு ஓடிவிடும். நாளடைவில் பந்தைக் கை பார்த்துக்கொள்ளும், ஆட்களைக் கண் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே பார்வை பழகக்கூடிய ஒன்று. இதைவிடக் கடினமானது கணக்கு.

பாலத்தில் ஒரு பாடம்

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இரண்டு பாலங்கள் இணைக்கின்றன. முதல் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது, நீளம் 13.5 கிலோமீட்டர். பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கும் இரண்டாவது பாலம் 2014-இல் திறக்கப்பட்டது. நீளம் 24 கிலோமீட்டர். காலையில் பட்டர்வொர்த், பிறை பக்கமிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருபவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். எந்தப் பாலத்தில் போவது என்று அவர்கள் யோசிப்பதைக் கேட்டிருப்பீர்கள்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். கூட்டம் இல்லாவிட்டால் முதல் பாலம் வழியாக 20 நிமிடம். வண்டிகள் கூடக் கூட அது 30 ஆகும், 40 ஆகும். சுற்றிப் போகும் இரண்டாவது பாலத்தில் எப்போதும் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொருவரும் தமக்கு விரைவான வழியைத் தேடுகிறார்கள். முதல் பாலம் 35 நிமிடம் என்றால், "இரண்டாவதைவிட இதுதானே மேல்" என்று இன்னும் சிலர் வந்து சேர்வார்கள். கூட்டம் எங்கே போய் நிற்கும்? முதல் பாலமும் 40 நிமிடம் ஆகும்வரை நிற்காது. கடைசியில் குறுக்கு வழியில் போகிறவருக்கும் 40, சுற்று வழியில் போகிறவருக்கும் 40. குறுக்கு வழி இருந்தும் யாருக்கும் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. கொஞ்சம் பேர் முன்னதாகவே இரண்டாவது பாலத்துக்குத் திரும்பியிருந்தால், அவர்களுக்கு அதே 40 நிமிடம்தான். முதல் பாலத்தில் இருப்பவர்கள் மட்டும் 30 நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஊருக்கு மொத்தத்தில் லாபம்.

இதே துறையில் 1968-ஆம் ஆண்டு ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிச் பிராயஸ் இன்னும் வியப்பான ஒன்றை நிறுவினார். சில சாலை வலைப்பின்னல்களில் புதிதாக ஒரு சாலையைச் சேர்த்தால் எல்லாருடைய பயண நேரமும் கூடிவிடும். அதை மூடினால் குறையும்! இதைப் 'பிராயஸ் முரண்' என்பார்கள்.

இதற்கும் கூடைப்பந்துக்கும் என்ன தொடர்பு? 2010-ஆம் ஆண்டு பிரையன் ஸ்கின்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், இரண்டும் ஒரே கணக்குதான் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினார். அணியில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் கூடைக்குப் போகும் ஒரு சாலை. சிறந்த வீச்சாளர்தான் குறுக்கு வழி. எல்லாப் பந்தையும் அவர் வழியாகவே அனுப்பினால் அந்தச் சாலையில் நெரிசல்.

நெரிசல் எப்படி ஏற்படுகிறது? நீங்கள் அடிக்கடி வீசினால் எதிரணி உங்கள்மேல் கண் வைக்கும். ஒருவர் தடுத்த இடத்தில் இருவர் நிற்பார்கள். நல்ல இடத்திலிருந்து வீச முடியாமல், கிடைத்த இடத்திலிருந்து வீசுவீர்கள். கால் சோர்ந்துபோகும்; சோர்ந்த காலோடு வீசும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடிக்கும். வீச்சின் எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொரு வீச்சின் மதிப்பும் சரியும்.

60 வீச்சுகள், ஒரு கணக்கு

பேனா எடுங்கள். உங்கள் அணி ஓர் ஆட்டத்தில் 60 முறை வீசுகிறது. நண்பர்கள் வீசினால் ஒரு வீச்சுக்குச் சராசரியாக 0.9 புள்ளி. நீங்கள் வீசும் எண்ணிக்கையைப் பொறுத்து உங்கள் சராசரி மாறும். இவை நான் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்.

நீங்கள் 12 முறை வீசினால் உங்கள் சராசரி 1.2. நீங்கள் எடுப்பது 14.4, நண்பர்கள் 48 வீச்சில் 43.2. அணிக்கு 57.6 புள்ளி.

18 முறை வீசினால் சராசரி 1.1. உங்களுக்கு 19.8, நண்பர்களுக்கு 37.8. அணிக்கு அதே 57.6.

24 முறை வீசினால் சராசரி 1.0. உங்களுக்கு 24; நண்பர்களுக்கு 32.4. அணிக்கு 56.4.

30 முறை வீசினால் சராசரி 0.9. உங்களுக்கு 27, நண்பர்களுக்கும் 27. அணிக்கு 54.

36 முறை வீசினால் சராசரி 0.8. உங்களுக்கு 28.8, நண்பர்களுக்கு 21.6. அணிக்கு 50.4.

உங்கள் பெயருக்கு எதிரே உள்ள எண்ணை மட்டும் பாருங்கள்: 14, 20, 24, 27, 29 என்று ஏறிக்கொண்டே போகிறது. மறுநாள் பள்ளிச் சபைகூடலில் உங்கள் பெயரைத்தான் வாசிப்பார்கள். அணியின் எண்ணோ 57.6-இலிருந்து 50.4-க்கு இறங்கிவிட்டது. கூடைப்பந்தில் ஏழு புள்ளி என்பது ஆட்டத்தையே மாற்றும் வித்தியாசம்.

24-ஆவது வரியில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அங்கே உங்கள் சராசரி 1.0, நண்பர்களுடையது 0.9. 'நான்தானே மேல், நானே வீசலாமே' என்று தோன்றும். ஆனால் 18-இலிருந்து 24-க்குப் போன அந்தக் கடைசி ஆறு வீச்சுகளைத் தனியாகப் பாருங்கள். உங்கள் புள்ளி 19.8-இலிருந்து 24 ஆனது. ஆறு வீச்சில் கூடுதலாக வந்தது 4.2 புள்ளிதான், அதாவது வீச்சுக்கு 0.7. அதே ஆறு வீச்சை நண்பர்களிடம் கொடுத்திருந்தால் 5.4 புள்ளி வந்திருக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'என் சராசரி என்ன?' என்பது அன்று. 'என் அடுத்த வீச்சின் மதிப்பு என்ன?' என்பதுதான். பொருளியல் படிக்கும் அண்ணன், அக்காவிடம் கேளுங்கள். இதை 'இறுதிநிலை' மதிப்பு என்பார்கள். படிவம் 4 கணிதத்தில் 'ஃபங்சி குவாட்ராதிக்' என்று படிக்கும் இருபடிச் சார்பும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வீச்சு எண்ணிக்கையைக் கிடை அச்சிலும் அணியின் புள்ளியைச் செங்குத்து அச்சிலும் குறித்துப் பாருங்கள். கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைவு வரும். அதன் உச்சி 15 வீச்சில் இருக்கிறது.

புள்ளி எடுப்பவரை ஆட்ட அமைப்பாளர் ஆக்குவதில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான். மற்ற அணிகளில் பாயிண்ட் கார்ட் ஒரு போக்குவரத்துக் காவலர். 'இந்தப் பாலம் போதும், அந்தப் பக்கம் திரும்பு' என்று கை காட்டுவார். நீங்களோ காவலரும் பாலமும் ஒருவரே. உங்கள் சாலையில் நெரிசல் என்று நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரை விநாடியின் விலை

இதுவரை பாதகத்தையே சொன்னேன். சாதகமும் உண்டு, அது பெரிய சாதகம்.

புள்ளி எடுக்கத் தெரியாத பாயிண்ட் கார்டை எதிரணி விட்டுவிடும். 'வீசட்டுமே' என்று தள்ளி நிற்கும். உங்களை அப்படி விட முடியாது. நீங்கள் கூடையை நோக்கித் திரும்பியதுமே இரண்டாவது ஆள் ஓடி வருவார். எதிரணியில் ஐந்து பேர்தான். உங்களை இருவர் தடுத்தால், உங்கள் நான்கு நண்பர்களைத் தடுக்க மூவர்தான் மிச்சம். யாராவது ஒருவர் தனியாக நின்றே ஆக வேண்டும். பந்தை வீசாமலேயே நண்பருடைய 0.9-ஐ நீங்கள் உயர்த்திவிட்டீர்கள்.

ஆனால் அந்த வாய்ப்பு எவ்வளவு நேரம் திறந்திருக்கும்? மறுபடியும் எளிய எண்களை வைத்துப் பார்ப்போம். நண்பர் உங்களிடமிருந்து 8 மீட்டர் தூரத்தில், மூலையில் நிற்கிறார். உங்கள் பாஸ் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது. இரண்டாவது ஆள் உங்களிடம் வந்த அதே கணத்தில், அந்த ஓட்டையை அடைக்க எதிரணியில் மற்றொருவர் புறப்படுகிறார். அவர் உங்கள் நண்பரிடமிருந்து 6 மீட்டர் தூரத்தில் இருக்கிறார். ஓடும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர்.

உடனே பந்தைக் கொடுத்தால் அது 0.8 விநாடியில் போய்ச் சேரும். அதற்குள் அந்தத் தடுப்பாளர் 4 மீட்டர்தான் ஓடியிருப்பார். நண்பருக்கு 2 மீட்டர் இடைவெளி, நிம்மதியாக வீசலாம்.

அரை விநாடி தாமதித்துக் கொடுத்தால்? மொத்தம் 1.3 விநாடி. அவர் 6.5 மீட்டர் ஓடியிருப்பார். அதாவது, பந்துக்கு முன்பே அங்கே வந்து நின்றிருப்பார்.

'ஒருமுறை வெட்டிப் பார்க்கலாமா, நானே போடலாமா' என்று யோசிக்க ஆகும் நேரம்தான் அந்த அரை விநாடி. அதே பாஸ், அதே நண்பர். நல்ல பாஸுக்கும் வீணான பாஸுக்கும் நடுவே இருப்பது அந்த அரை விநாடிதான்.

மூன்று ஆட்டக்காரர்கள், மூன்று வழிகள்

கணக்கு சரி, களத்தில் என்ன நடந்தது? அமெரிக்காவின் என்பிஏ போட்டியிலிருந்து மூவரைப் பார்ப்போம்.

முதலாமவர் நேட் ஆர்ச்சிபால்ட். 'டைனி' என்பது அவருடைய செல்லப் பெயர். 1972-73 பருவத்தில் கான்சாஸ் சிட்டி-ஓமாஹா கிங்ஸ் அணிக்கு ஆடிய அவர், ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 34 புள்ளியும் 11.4 அசிஸ்டும் எடுத்தார். ஒரே பருவத்தில் இரண்டிலும் முதலிடம் பிடித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 48 நிமிட ஆட்டத்தில் சராசரியாக 46 நிமிடம் களத்தில் இருந்தார். அணியின் நிலை? 36 வெற்றி, 46 தோல்வி. அடுத்த சுற்றுக்குப் போகவே முடியவில்லை. பிற்காலத்தில் அவர் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு வந்தார். அங்கே லேரி பேர்ட் போன்ற வலுவான துணைகள் இருந்தார்கள். 1980-81-இல் அவருடைய புள்ளிச் சராசரி 14-க்கும் கீழே இறங்கியது. அந்தப் பருவத்தில்தான் சாம்பியன் பட்டம் வந்தது.

இரண்டாமவர் ஆலன் ஐவர்சன். 1996-இல் பிலடெல்பியா அணிக்குப் பாயிண்ட் கார்டாக வந்தார். முதல் பருவத்தில் அணி வென்றது 22 ஆட்டங்கள்தான். பின்னர் பயிற்றுநராக வந்த லேரி பிரவுன் வேலையைப் பிரித்தார். பந்தைக் கொண்டுவரும் பொறுப்பை எரிக் ஸ்னோவிடம் கொடுத்து, ஐவர்சனை ஷூட்டிங் கார்டாக மாற்றினார். 2000-01-இல் அணி 56 ஆட்டங்களில் வென்று இறுதிச் சுற்றுக்குப் போனது. சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஐவர்சனுக்குக் கிடைத்தது. இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியிடம் 4-1 எனத் தோற்றார்கள்.

மூன்றாமவர் ஜேம்ஸ் ஹார்டன். நம் கேள்விக்கு மிகப் பொருத்தமானவர் இவர்தான். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஷூட்டிங் கார்ட். 2016-இல் புதிய பயிற்றுநர் மைக் டி அன்டோனி, உங்கள் பயிற்றுநர் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார்: இனி நீதான் பாயிண்ட் கார்ட்.

முந்தைய பருவத்தில் 29 ஆக இருந்த ஹார்டனின் புள்ளிச் சராசரி 29.1 ஆனது; அநேகமாக மாறவே இல்லை. அசிஸ்ட் மட்டும் 7.5-இலிருந்து 11.2-க்குப் பாய்ந்து என்பிஏயிலேயே முதலிடம் பிடித்தது. அணியின் வெற்றி 41-இலிருந்து 55 ஆனது.

அவர் மட்டும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். எரிக் கோர்டன், ரயன் ஆண்டர்சன் என்று தூரத்திலிருந்து வீசக்கூடிய இருவரை அணி அந்த ஆண்டே சேர்த்துக்கொண்டது. ஹார்டனைத் தடுக்க இரண்டாவது ஆள் வந்தால், பந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பறந்தது. இரண்டாவது பாலமும் திறந்திருந்தது.

அதற்கொரு விலையும் இருந்தது. அந்தப் பருவத்தில் ஹார்டன் 464 முறை பந்தை எதிரணியிடம் இழந்தார். ஒரு பருவத்தில் அதுவரை யாரும் அத்தனை முறை இழந்ததில்லை. சான் அன்டோனியோ அணிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் அவர் எடுத்தது 10 புள்ளிதான். அணி 39 புள்ளி வித்தியாசத்தில் தோற்று வெளியேறியது. ஒரே பாலத்தை நம்பிய ஊரில் அந்தப் பாலம் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

பிறகு அணி என்ன செய்தது? தேர்ந்த பாயிண்ட் கார்டான கிறிஸ் பாலைக் கொண்டுவந்தது. 2017-18-இல் ஹார்டனும் பாலும் பந்தைப் பகிர்ந்து ஆடினார்கள். வெற்றி 65 ஆனது. அந்த அணியின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். ஹார்டனுக்குச் சிறந்த ஆட்டக்காரர் விருது. மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றில் பால் காயமடைந்து கடைசி இரண்டு ஆட்டங்களில் ஆடவில்லை. அந்த இரண்டிலும் தோற்று, 4-3 என வெளியேறினார்கள்.

ஊகிக்க முடியாத அணி

ஐந்து பேர் கொண்ட அணியில் எத்தனை பாஸ் வழிகள் இருக்கின்றன? இருவர் இருவராக எண்ணினால் 10 இணைகள். போக ஒரு வழி, வர ஒரு வழி என்று 20. உங்கள் அணி இவற்றில் எத்தனையைப் பயன்படுத்துகிறது?

2012-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிபர் ஃபெவல் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. 2010-ஆம் ஆண்டு என்பிஏ முதல் சுற்றில் ஆடிய 16 அணிகளின் பந்து நகர்வுகளை வலைப்பின்னலாக வரைந்தார்கள். ஆட்டக்காரர்கள் முடிச்சுகள்; பந்து போன வழிகள் கோடுகள். பெரும்பாலான அணிகளில் பாயிண்ட் கார்ட்தான் நடு முடிச்சு. ஆனால் அந்த ஆண்டு அடுத்தடுத்த சுற்றுக்கு முன்னேறிய அணிகளில் இரண்டு தன்மைகள் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தெரிந்தன: எல்லாரும் எல்லாரோடும் தொடர்பில் இருப்பது, அடுத்து பந்து எங்கே போகும் என்று ஊகிக்க முடியாமல் இருப்பது. எந்த ஓர் அளவும் தனியாக வெற்றியைச் சொல்லிவிடாது என்றும் ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள்.

ஊகிக்க முடியாமையை அளக்க அவர்கள் பயன்படுத்திய அளவு 'என்ட்ரோபி'. தகவல் அறிவியலுக்கு அதைக் கொண்டுவந்தவர் கிளாட் ஷனன், ஆண்டு 1948. நீங்கள் எப்போதும் நீங்களே வீசுபவர் என்றால் என்ட்ரோபி பூஜ்யம். எதிரணிக்கு ஊகிக்க ஒன்றுமில்லை. வீசுவது, கொடுப்பது இரண்டும் சரிபாதி என்றால் 1 பிட். நான்கு வழிகளும் சமமாகத் திறந்திருந்தால் 2 பிட். பந்து உங்கள் கையில் இருப்பது குற்றமில்லை. அங்கிருந்து அது எங்கே போகும் என்று எதிரணிக்கு முன்கூட்டியே தெரிவதுதான் ஆபத்து.

நீங்களே செய்து பாருங்கள்

காயம்பட்டுத் திடலோரம் உட்கார்ந்திருக்கும் உங்கள் பாயிண்ட் கார்டிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். ஆட்டத்தை அவரைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் யார்?

முதல் பக்கத்தில் ஐந்து வட்டங்கள். பந்து ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போகும்போதெல்லாம் ஒரு கோடு. பத்து நிமிடப் பயிற்சி ஆட்டம் முடிந்ததும் பாருங்கள். எல்லாக் கோடுகளும் உங்கள் வட்டத்திலேயே வந்து முடிகின்றனவா? எந்த இருவருக்கு நடுவே கோடே இல்லை?

இரண்டாம் பக்கத்தில் உங்கள் வீச்சுகள். நான்கு காற்பகுதிகளுக்கும் தனித்தனியாக, எத்தனை வீசினீர்கள், எத்தனை புள்ளி என்று குறிக்கச் சொல்லுங்கள். நான்காம் காற்பகுதியின் சராசரியை முதல் காற்பகுதியோடு ஒப்பிடுங்கள். இப்படி நான்கைந்து ஆட்டங்களைச் சேர்த்தால், உங்கள் வளைவின் உச்சி எங்கே இருக்கிறது என்று புரியத் தொடங்கும். ஓர் ஆட்டத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்; நாலு வீச்சு தற்செயலாக உள்ளே போகலாம், தற்செயலாக வெளியேயும் போகலாம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரே ஓர் எண்: இரண்டாவது ஆள் உங்களிடம் வந்த பிறகும் பந்தை எத்தனை முறை பிடித்து வைத்திருந்தீர்கள்?

இனி உங்கள் பயிற்றுநரின் வேண்டுகோளுக்கு வருவோம். புள்ளி எடுப்பவர் ஆட்டத்தை அமைக்க முடியுமா? முடியும். ஹார்டன் செய்து காட்டினார். ஆனால் மூன்று நிபந்தனைகள். இரண்டாவது ஆள் வந்த கணமே பந்து உங்கள் கையை விட்டுப் போக வேண்டும். அதை வாங்குபவர் தனியாக நிற்கும்போது கூடைக்குள் போடத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்ச்சிபால்டின் 1973 கதைதான். நீங்கள் சோர்ந்திருக்கும்போதோ முடக்கப்படும்போதோ பந்தைக் கொண்டுவர இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும்.

முதல் நிபந்தனை மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் அணியின் கையில். ஆகவே நாளைப் பயிற்சியில், "சரி சார், நான் கொண்டு வரேன்" என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். "மூலையில யார் நிக்கப் போறாங்க? நான் முடியாதப்ப யார் கொண்டு வருவாங்க?" என்றும் கேளுங்கள். பிறகு மூலையில் நிற்கப்போகும் அந்த நண்பரோடு இருட்டும்வரை இருந்து, ஐம்பது பாஸ் கொடுங்கள். அவர் ஐம்பது முறை வீசட்டும்.